ஐந்தாவது விடை

சண்முகலிங்கம் மாஸ்ரரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு, நீ ஒரு பக்கம் சாய்ந்து கதை சொல்லுகிறாய் என்று யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. ரொறன்ரோவில், மல்வேர்னில் அவருடைய ரவுண்ஹவுஸின் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே இருந்த அறையில், இரண்டு குளிர்காலம் வாடகைக்கு இருந்தேன். அந்த இரண்டு குளிர்காலமும் அவருடைய குரலைக் கேட்டபடிதான் சாப்பிட்டேன், உடுப்பு மாற்றினேன், நித்திரை கொண்டேன்.

வீட்டுக்குச் சூடு கொண்டுபோகும் தகரக் குழாய் என் கட்டிலுக்கு நேர் மேலே ஓடியது. அதன் ஒரு வாய் மேல்வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே திறந்திருந்தது. மேலே கரண்டி விழுந்தால் என் தலைமாட்டில் விழுந்த மாதிரி இருக்கும். முதல் கிழமை பழைய துவாய் ஒன்றை அடைத்துப் பார்த்தேன். அறை குளிர்ந்துபோயிற்று, சத்தம் குறையவில்லை. துவாயை எடுத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். வேறு வழி இல்லை. பிறகு, உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பழகியும் போய்விட்டது.

மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் பெரிய இங்கிலிஷ் வாத்தியார். பள்ளிக்கூடம் முடிய ரியூட்டரி, ரியூட்டரி முடிய வீட்டிலே தனி வகுப்பு. அவரிடம் படித்தவர்கள் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள் என்று அடிக்கடி சொல்லுவார். ரொறன்ரோவில் அவருக்குக் கிடைத்தது பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு பிளாசாவில் செக்கியூரிட்டி வேலை. இங்கேயும் படிப்பிக்கலாம் என்று வந்த புதிதில் விண்ணப்பம் போட்டிருக்கிறார். நீர் இங்கிலிஷ் தெரிந்தவர் என்று காட்டுவதற்கு ஒரு சோதனை எழுதும் என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலில் இருந்த இங்கிலிஷ் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, அத்தோடு அந்தக் கதையை முடித்துக்கொண்டார். சோதனை என்ற சொல்லை அந்த வீட்டில் அவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை.

ஆனால் எடுக்கத்தான் வேண்டி வந்தது. அவருடைய மனைவி இராஜேஸ்வரி அக்கா ஊரில் ஆஸ்பத்திரி பார்மசிஸ்ற். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் லோண்டறியில் படுக்கை விரிப்புத் தோய்த்து மடிக்கிறார். மறுபடி மருந்துக் கடையில் நிற்பதற்கு முதல் படி அந்த இங்கிலிஷ் சோதனை. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் வாசிப்புப் பகுதியில் கவிழ்ந்துவிட்டார். கேட்டல் பரவாயில்லை, இலக்கணம் பரவாயில்லை. பந்தியை வாசித்துக் கேள்விக்கு விடை சொல்லும் பகுதியில்தான் நேரம் முடிந்து பாதிக் கேள்வி மிச்சம் கிடக்கும். இந்த மார்ச்சில் எழுதுவது கடைசித் தடவை. இதுவும் போனால் அவருடைய விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். பிறகு பத்திரங்கள் எல்லாம் ஊரிலிருந்து புதிதாக எடுப்பிக்க வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த அந்தத் தொண்ணூற்று நான்காம் ஆண்டில் ஊரிலிருந்து ஒரு பத்திரம் எடுப்பிப்பது என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அக்கா லோண்டறியோடு கிடக்க வேண்டியதுதான்.

படிப்பிக்கிறவர் யார்? வீட்டிலேயே இங்கிலிஷ் மாஸ்ரர் இருக்கும்போது வேறு யார்?

அக்கா வேலையால் வந்து, பூட்ஸைக் கழற்றி, சோற்றை அடுப்பில் போட்டுவிட்டு மேசைக்கு வருவார். வெந்நீரிலும் சலவைச் சோடாவிலும் கிடந்த கை வெடித்துப் புத்தகத் தாளில் இழுபடும். கீழே குழாய்க்கு அடியில் நான் பிற்பகல் வேலை ஷிவ்றுக்குப் புறப்படாத நாட்களில் என் பாணைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

"வாசியும்," என்பார் மாஸ்ரர்.

அக்கா வாசிப்பார். அந்த ஜனவரி முழுக்க ஒரே பந்திதான் ஓடியது. அமெரிக்காவின் வடக்கில் குளிர்காலத்தில் ஏரியை அறுத்துப் பனிக்கட்டி எடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் சூடான நாடுகளுக்கு அனுப்பி ஒரு காலத்தில் வியாபாரம் செய்தார்களாம்.

"நில்லும். இன்சுலேற் எண்டால் என்ன?"

"சூடு உள்ளுக்கை போகாமல் காக்கிறது."

"ஊகமோ, தெரிஞ்சு சொல்லுறீரோ?"

"முன்னுக்குப் பின்னுக்கு வாசிச்சால் விளங்குதுதானே. மரத்தூள் போட்டபடியால்தான் ஐஸ் உருகேல்லை எண்டு இருக்கு."

"விளங்குது எண்டு நினைக்கிறது வேறை, விளங்கிறது வேறை. டிக்‌ஷனறியை எடும்."

"நேரம் போகுது."

"போகட்டும். ஒரு சொல்லை விட்டுப்போட்டு அடுத்த சொல்லுக்குப் போறது களவு. என்ரை வகுப்பிலை அப்பிடிப் போனவன் ஒருத்தனும் இல்லை."

"சோதனையிலை டிக்‌ஷனறி தரமாட்டாங்கள்."

"அதுக்குத்தானே இப்ப பாக்கச் சொல்லுறன்!"

டிக்‌ஷனறி ஊரிலிருந்து வந்தது. முதுகு கழன்று, துணி ஒட்டிய தடித்த புத்தகம். பிளேனில் பாரம் கூடுகிறது என்று அக்காவின் சேலைகளை எடுத்து வைத்துவிட்டு அதைக் கொண்டு வந்தவர் மாஸ்ரர். அதை மேசையில் வைக்கிற சத்தம் எனக்குக் கீழே நன்றாகக் கேட்கும்.

கேள்விக்கு வந்தாலும் அதே பாடுதான்.

"பனிக்கட்டியைக் கப்பலிலை ஏத்திக் கல்கத்தாவுக்குக் கொண்டு போனவங்களாம். ஆர் உதை நம்புறது?" என்பார் மாஸ்ரர்.

"நம்பத் தேவையில்லை. எழுதியிருக்கிறதை வாசிச்சாப் போதும்."

"ஓ, இப்ப நீர் எனக்குப் படிப்பிக்கிறீர்."

அக்கா எழுந்து போய்க் கறியைக் கிளறுவது கேட்கும். அவர் அக்காவை 'நீர்' என்று கூப்பிடுவார். கோபம் வந்தால் 'நீ'. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் 'நீ' வந்துவிட்டால் அன்றைக்கு மேலே யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

ஒரு தடவை நான் மார்க்கத்துக்குச் சப்பாத்து வாங்கப் போனபோது அவரைச் சீருடையில் பார்த்தேன். வாசலில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி வழுக்கி விழுந்திருந்தார். எழுப்பி, கதிரை எடுத்துப் போட்டு, எல்லாம் முறையாகத்தான் செய்தார். பிறகு மேசையில் இருந்து அந்தச் சம்பவத்தை அழகான கையெழுத்தில் எழுதத் தொடங்கினார். அவருடைய வயதில் பாதிகூட இல்லாத சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தான். "ஷன், இதெல்லாம் வேண்டாம். பெண் விழுந்தார், இப்போது நலம். அவ்வளவுதான்," என்று இங்கிலிஷில் சொல்லிவிட்டு அந்தத் தாள்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். மாஸ்ரர் என்னைக் கண்டார். காணாதவர் போல மற்றப் பக்கம் திரும்பினார். அன்றைக்கு மட்டும் எனக்கு அவரில் இரக்கம் வந்தது. பின்னேரம் வீட்டில் அவர் அக்காவைப் படுத்திய பாட்டைக் கேட்டதும் அந்த இரக்கம் போய்விட்டது.

பெப்ரவரியில் பனி அள்ளிக் கொட்டியது. வாசல் பாதையைத் துப்புரவாக்குவது யாருடைய வேலை என்பதிலும் அந்த வீட்டில் ஒரு வழக்கு இருந்தது. மாஸ்ரருக்கு இடுப்பு நோவு. மகள் துர்க்காவுக்குப் பள்ளிக்கூடம். எனவே பனி அள்ளும் ஒரு சவலால் அக்காவும் மற்றச் சவலால் நானும் அள்ளுவோம்.

"தம்பி கோணேஸ், ஒரு விசயம்," என்றார் அக்கா, ஒரு நாள் சவலைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டு. "நான் இப்ப பஸ்ஸிலை படிக்கிறன். லைப்ரரியிலை போட்டோக்கொப்பி அடிச்ச தாளுகள். டிக்‌ஷனறி இல்லை, ஒண்டும் இல்லை."

"செய்ய முடியுதோ அக்கா?"

"என்ரை ஸ்ரொப் வாறதுக்கிடையிலை ஒரு பந்தி முடியவேணும் எண்டு வைச்சிருக்கிறன். முடிக்காட்டிலும் இறங்கவேணும், தாளை மடிக்கவேணும். அந்தப் பயத்திலை கண் தானா ஓடுது. தெரியாத சொல்லை விட்டுட்டுப் போறன். போகப் போக அதுவே தன்னைக் காட்டிக்குடுக்குது." சிரித்தார். அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. "இருபது வரியம் டொக்ரர்மாற்றை கையெழுத்து வாசிச்சனான் தம்பி. எழுத்தே விளங்காது, ஆனால் மருந்து பிழைச்சதில்லை. அது மறந்து போச்சு எனக்கு."

"மாஸ்ரருக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் களவு எண்டு சொல்லுவார்."

தெரிந்தது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அக்கா கூழ் காய்ச்சியிருந்தார். குளிருக்கு நல்லது என்று என்னையும் மேலே கூப்பிட்டார். ஒடியல் மாவும் நண்டும் பலாக்கொட்டையும் தமிழ்க் கடையில் வாங்கியது, மீன் ஐஸ் மீன். ஆனாலும் வாசம் கதவைத் திறக்கும்போதே வந்து பிடித்தது. கோப்பையை வாங்கிக்கொண்டு மேசையில் ஒரு மூலையில் இருந்தேன். துர்க்கா ரெலிபோனை எடுத்துக்கொண்டு மேலே போவதும் வருவதுமாக இருந்தாள். மாஸ்ரர் புட்டு மூடி வைத்திருந்த தாளை எடுத்தார். அது போட்டோக்கொப்பித் தாள். பென்சில் அடையாளங்கள் நிறைந்திருந்தன.

"உது எப்ப செய்தது?"

அக்கா அகப்பையோடு நின்றார். "பஸ்ஸிலை."

"பஸ்ஸிலையோ?"

"போகேக்கை ஒண்டு, வரேக்கை ஒண்டு."

"டிக்‌ஷனறி?"

"இல்லை."

"அப்ப குருட்டடி."

"பத்துக்கு எட்டுச் சரி வருது."

"குருட்டடிக்கும் எட்டு வரும். ஏ, பி, சி, டி எண்டு கண்ணை மூடிக்கொண்டு புள்ளடி போட்டாலும் வரும். நான் இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தினது ஆருக்கு? பஸ்ஸிலை குந்தியிருந்து படிக்கிற படிப்போ இது? நான் ஆயிரம் பேருக்குப் படிப்பிச்சவன். என்ரை பெண்சாதி குருட்டடி அடிக்கிறாள்."

"ரெண்டு தரம் உங்கடை சொல்லுக் கேட்டுத்தான் எழுதினனான்," என்றார் அக்கா. குரல் ஏறவில்லை. "ரெண்டு தரமும் பாதிக் கேள்வி எழுத நேரம் இல்லை."

"அது உன்ரை மூளை."

'நீ' வந்துவிட்டது. நான் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். எழுந்து போயிருக்கலாம். ஆனால் நண்டு பாதி மிச்சம் இருந்தது.

"சரி," என்றார் அக்கா. அகப்பையைச் சட்டியில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "நீங்களும் ஒண்டு செய்து காட்டுங்கோ."

"ஆர், நானோ? எனக்கு இங்கிலிஷ் சோதனையோ?"

"சோதனை இல்லை. பயிற்சி. எனக்கு எப்பிடிச் செய்யிறது எண்டு காட்டித்தாங்கோ. ரெண்டு பேரும் ஒரே செற். நேரம் வைச்சு."

"எனக்கு என்னத்துக்கு நேரம்?"

"எனக்கு வைப்பாங்கள்."

மாஸ்ரர் என்னைப் பார்த்தார். துர்க்காவைப் பார்த்தார். இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவரால் முடியவில்லை. "கொண்டு வா," என்றார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அக்கா லைப்ரரியில் இரவல் எடுத்து வைத்திருந்த பயிற்சிப் புத்தகம் அவருக்கு, அதில் இன்னும் செய்யாத பந்திகளின் போட்டோக்கொப்பி அக்காவுக்கு. துர்க்கா அடுப்பில் இருக்கும் ரைமரைத் திருப்பிவிட்டாள். ஐந்து பந்தி. ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்வி. ரைமர் டிக் டிக் என்று ஓடியது. கூழ் மேசை நடுவில் ஆறியது.

அக்கா குனிந்தார். பிறகு நிமிரவே இல்லை. தாள் புரட்டுகிற சத்தம் மட்டும்தான் அவரிடமிருந்து வந்தது. மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டு, புத்தகத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாத்தியார் வாசிப்பது போல வாசித்தார். உதடு அசைந்தது. முதலாம் பந்தியில் பேனாவால் ஒரு சுழி போட்டார். "கொமா பிழை," என்றார் தனக்குள். இன்னொரு சுழி. "இந்த வசனத்துக்கு எழுவாய் எங்கை? உதை அச்சடிச்சு விக்கிறாங்கள்." ஒரு வரியை வெட்டி மேலே புதிதாக எழுதினார். அழகாகத்தான் இருந்தது எழுத்து. அக்கா மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.

"அப்பா, நேரம் போகுது," என்றாள் துர்க்கா.

"சத்தம் போடாதை. சோதனை மண்டபத்திலை சத்தம் போடக்கூடாது."

ரைமர் அடித்தபோது மாஸ்ரர் மூன்றாம் பந்தியின் நடுவில் நின்றார். அக்கா பென்சிலை வைத்துவிட்டுக் கூழைச் சுடவைக்க எழுந்தார். துர்க்கா புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த விடைகளைப் பார்த்துத் திருத்தினாள். அம்மாவின் தாளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. நாலைந்து பிழை, மற்றது எல்லாம் சரி. அப்பாவின் புத்தகத்தைத் திறந்தவள் ஒரே பக்கத்தை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இதிலை நாலு விடைதான் இருக்கு."

"ஓம்."

"நீங்கள் அஞ்சாவது ஒண்டு எழுதியிருக்கிறியள்."

"நாலும் சரியில்லை. அரைகுறை. அதுதான் சரியானதை நானே எழுதினனான்."

"யூ கான்ற் டூ தற், அப்பா. நாலிலை ஒண்டைத்தான் எடுக்கலாம்."

"ஆர் சொன்னது? பிழையான நாலுக்குள்ளை ஒண்டை எடுக்கச் சொன்னால் எடுக்கிறவன் மடையன். வாசிச்சுப் பார். நான் எழுதினது பிழையோ?"

"பிழை இல்லை. ஆனால் மெஷின்தான் மார்க் பண்ணும். மெஷினுக்கு உங்கடை ஹாண்ட்ரைட்டிங் தெரியாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கத்தான் பார்த்தேன். கூழ் மூக்கில் ஏறி இருமலாக வெளியே வந்தது. அந்த இருமலை அவர் நம்பவில்லை.

எழுந்தார். புத்தகத்தைத் தூக்கினார். பின்பக்கக் கண்ணாடிக் கதவை இழுத்துத் திறந்து, குளிர் முகத்தில் அடிக்க, புத்தகத்தைப் பனிக்குள் எறிந்தார். "உந்தப் புத்தகமே பிழை!" என்றார். "பிழையான புத்தகத்தைப் படிச்சுத்தான் இந்த நாட்டிலை மருந்து குடுக்கப் போறியோ? குடு. சனம் சாகட்டும்!"

அக்கா வீட்டுச் செருப்போடு வெளியே போனார். முழங்கால் அளவு பனி. புத்தகத்தை எடுத்து, பனியைத் தட்டி, உள்ளே வந்து, மேசைக்குக் கீழே சூடு வரும் வாயில் விரித்து வைத்தார். கால் சிவந்து போயிருந்தது.

"இனி எனக்குப் படிப்பிக்க வேண்டாம்," என்றார். "நான் என்ரை பாட்டிலை படிக்கிறன்."

"படிக்கிறதைப் பாப்பம்."

அன்றிரவு முழுவதும் என் குழாயிலிருந்து ஈரத் தாள் காயும் மணம் வந்தது.

அதற்குப் பிறகு அந்த வீடு வீடாக இல்லை. மாஸ்ரர் அக்கா சமைத்ததைச் சாப்பிடுவதை நிறுத்தினார். ரின் மீனை உடைத்து, தானே வெங்காயம் வெட்டி, சமையலறை நிறைய எண்ணெய் தெறிக்கப் பொரித்துப் பாணோடு தின்றார். அக்காவோடு கதைப்பதில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் துர்க்கா வழியாகப் போகும். "உன்ரை கொம்மாட்டைச் சொல்லு, என்ரை சீருடை தோய்க்கேல்லை எண்டு." அக்கா அடுப்படியில்தான் நிற்பார். அக்கா புத்தகத்தை விரித்தால் ரீவியைச் சத்தமாகப் போடுவார். அக்கா மேலே படுக்கையறைக்குப் போனால் ரேடியோவை மாடிப்படியில் கொண்டு போய் வைப்பார். ஆண்பிள்ளை ஒருவன் இவ்வளவு சின்னத்தனமாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன்னம் தெரியாது. அக்கா வேலையால் வருகிற பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு, சுற்றிப் போகிற பஸ்ஸில் படித்துக்கொண்டு வரத் தொடங்கினார். மோர்னிங்சைட் வரை போய்த் திரும்பி வந்ததாக ஒரு நாள் என்னிடம் சொன்னார். கதகதப்பான பஸ், யாரும் அவரோடு கதைக்காத இடம், நல்ல வெளிச்சம்.

சோதனை ஒரு சனிக்கிழமை காலை, நகரத்துக்குள் ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில். முந்தின இரண்டு தடவையும் மாஸ்ரர்தான் காரில் கொண்டு போய் விட்டவர். அன்றைக்கு அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் விடியக் காரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். என் அறையின் ஒரே யன்னல் நிலத்து மட்டத்தில் இருக்கும். அதன் வழியாகக் கால்கள்தான் தெரியும். அன்றைக்கு அக்காவின் பூட்ஸ் வாசலில் வந்து நிற்பதைக் கண்டேன். கார் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி அது கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு பஸ் நிற்கும் பக்கம் திரும்பி நடந்தது. நான் ஜாக்கெற்றை மாட்டிக்கொண்டு ஓடினேன். ரக்சி கூப்பிடவா என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. பஸ்ஸிலை போனால்தான் எனக்குப் படிச்சது ஞாபகம் வரும்," என்றார்.

தேறிவிட்டார். ஏப்ரலில் மார்க் வந்தது. வாசிப்பில்தான் கூட எடுத்திருந்தார். கேட்டதும் நான் சின்னப்பிள்ளை மாதிரிக் கை தட்டினேன். லோண்டறிப் பெண்கள் கேக் வாங்கிக் கொடுத்தார்களாம். துர்க்கா தாயைக் கட்டிப்பிடித்து அழுதது எனக்குக் கீழே கேட்டது. மாஸ்ரர் ரீவியைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம். அவர் சும்மா இருந்திருந்தால் முடிந்தும் இருக்கும்.

அடுத்த ஞாயிறு, மாஸ்ரரோடு ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்த ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை வீட்டுக்கு வந்தார். அக்கா தேத்தண்ணி கொண்டு போனார். நான் பேஸ்மென்ற் படியில் குந்தியிருந்து சப்பாத்து மினுக்கினேன். கதவு திறந்தபடி.

"கேள்விப்பட்டன், கேள்விப்பட்டன்," என்றார் வந்தவர். "லேசான சோதனை இல்லையாமே?"

"வாசிப்புப் பகுதி கொஞ்சம் கஷ்டம்," என்றார் மாஸ்ரர். அந்தக் குரலைக் கேட்டு நான் பிறஸைக் கீழே வைத்தேன். ரியூட்டரிக் குரல் அது. "ஒவ்வொரு நாளும் இந்த மேசையிலை இருத்தி வைச்சு வாசிப்பிச்சனான். சொல்லுச் சொல்லா. ரெண்டு தரம் சறுக்கினவ. நான் விடேல்லை. என்ரை முறை பிழைக்காது கண்டியோ."

தேத்தண்ணிக் கோப்பை மேசையில் வைபடுகிற சத்தம் கேட்டது.

"அவர் படிப்பிக்கேல்லை அண்ணை," என்றார் அக்கா. "இந்த மேசையிலைதான் அவரும் ஒரு நாள் செய்து பாத்தவர். அஞ்சு பந்தியிலை ரெண்டரை முடிச்சவர். நாலு விடை குடுத்திருந்தது. அஞ்சாவது விடை ஒண்டைத் தானே எழுதினவர். அதுக்குப் பிறகு புத்தகத்தைப் பனியிலை எறிஞ்சவர். சோதனை அண்டைக்குக் காரையும் கொண்டு போனவர். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

"அஞ்சாவது விடையோ?" என்று கேட்டார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. பிறகு சிரித்தார். அடக்க முடியாத சிரிப்பு. கணித வாத்தியார் அல்லவா, அவருக்கு அது பெரிய பகிடியாக இருந்திருக்கும். அடுத்த வெள்ளி கோயிலில் எல்லோருக்கும் சொல்லுவார் என்று எனக்கு அப்போதே தெரியும். மாஸ்ரருக்கும் தெரிந்திருக்கும். வந்தவர் போன பிறகு கத்துவார், எதையாவது உடைப்பார் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் படி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என் அறைக்கு வந்தார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலுக்கு மேலே குழாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் வந்தது.

"தம்பி, குறை நினைக்காதையும். நீர் வேறை இடம் பாக்கவேணும்."

"என்னக்கா, நான் ஏதும்..."

"உம்மிலை ஒண்டும் இல்லை. அவர் கீழை வாறார்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. "சண்டைதானே அக்கா. நாளைக்குச் சரி வரும். சனம் என்ன சொல்லும்?"

"அவருக்கு நைற் ஷிவ்ற், பகலிலை நித்திரை கொள்ள அமைதி வேணும் எண்டு சொல்லுறம். சனம் நம்பும். ரொறன்ரோவிலை எத்தினை வீட்டிலை இப்பிடி நைற் ஷிவ்ற் செய்யினம் எண்டு உமக்குத் தெரியாது."

"மாஸ்ரர் சம்மதிச்சாரோ?"

"துர்க்காவிட்டைச் சொல்லியனுப்பினன். தானே பெட்டி கட்டுறார்." அக்கா கட்டில் விளிம்பில் இருந்தார். வெடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவர் கத்திறது என்ரை நன்மைக்குத்தான் எண்டு பதினெட்டு வரியமா நினைச்சுக்கொண்டிருந்தன் தம்பி. எங்கையிருந்து அந்த நினைப்பு வந்தது எண்டு இப்ப யோசிக்கிறன். அது நான் வெளியிலை இருந்து கொண்டுவந்து போட்டது. எழுதியிருக்கிறதை மட்டும் வாசிச்சுப் பாத்தன். அதிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

எனக்கு அவரில் கோபம் வந்தது. அறை போகிறதே என்ற கோபம். பிறகு அது தணிந்தது.

மாதக் கடைசியில் மோர்னிங்சைட்டில் ஒரு பெடியனோடு அறை பிடித்துக்கொண்டு என் சாமான்களை ஏற்றினேன். பனி உருகி வாசல் எல்லாம் சேறு. கடைசிப் பெட்டியை எடுக்க இறங்கியபோது மாஸ்ரர் என் கட்டிலில் இருந்தார். கட்டிலை அவருக்கே விட்டுவிட்டேன். மடியில் துணி ஒட்டிய டிக்‌ஷனறி. சட்டைப் பையில் சிவப்புப் பேனா. என்னைப் பார்த்து, "இஞ்சை சூடு காணுமோ?" என்று மட்டும் கேட்டார். காணும், போதுமான சூடு வரும் என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போது குழாயில் குரல் வந்தது. அக்கா. அடுத்த சோதனை பேச்சுச் சோதனை, அதற்கு வாய்விட்டு வாசித்துப் பழக வேண்டும் என்று துர்க்கா சொல்லியிருந்தாள். நிதானமாக, நிறுத்தாமல், ஒரு மருந்தைப் பற்றி எதையோ இங்கிலிஷில் வாசித்துக்கொண்டு போனார்.

மாஸ்ரர் தலையை நிமிர்த்தினார். உதடு அசைந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் குழாயைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"ஸ்ற்றெஸ் பிழை. ரெண்டாவது அசையிலை விழவேணும். திருப்பி வாசியும்."

அந்தக் குழாய் இரண்டு பக்கமும் வேலை செய்யும். நான் கீழே தும்மினால் மேலே துர்க்கா சிரிப்பாள். அவர் சொன்னது அக்காவுக்குக் கேட்டிருக்கும், சந்தேகமே இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். மேலே வாசிப்பு நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டது.